இரவு 3.40க்கு விழும் ஸ்விட்ச்: கொட்டேஷனுக்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஸ்டோர்ஸையும் கம்ப்யூட்டர்களையும் சேர்த்துக் கவனிக்கும் வாசகர் கேட்டிருக்கிறார். அவருடைய கேள்வியின் சுருக்கம்: "எங்களிடம் 22 ஸ்விட்ச் (கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் பெட்டி), அவற்றைக் கண்காணிக்க ஸாபிக்ஸ் என்ற மென்பொருள் போட்டிருக்கிறோம். ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பார்ட்டி தரும் மாத ரிப்போர்ட்டில் ஃபினிஷிங், பேக்கிங் பக்கம் உள்ள 5 ஸ்விட்ச் தினமும் இரவு 3.40 வாக்கில் 2 நிமிஷம் டவுன் என்று வருகிறது. நான் காலை 9.30க்கு வந்து ஸாபிக்ஸ் திரையில் மேப்பைப் பார்த்தால் எல்லாம் பச்சை. ஐந்தையும் மாற்ற வேண்டும் என்று 2.25 லட்சத்துக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். மேப் பொய்யா, ரிப்போர்ட் பொய்யா? (இதில்லாமல் பேக்கிங்கில் காலையில் ஸ்கேனர் நின்றுவிடுகிறது என்று தனிப் புகார், அதையும் பார்க்க வேண்டும்.)"

மேப்பும் சரி, ரிப்போர்ட்டும் ஏறக்குறைய சரி. அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்ட அந்தத் தனிப் புகார்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மேப் இந்த நிமிஷத்து நிலையைத்தான் காட்டும். விழுந்து எழுந்துவிட்ட ஸ்விட்ச் அதில் பச்சைதான். நடந்து முடிந்ததைப் பார்க்க 'மானிட்டரிங்' மெனுவில் 'பிராப்ளம்ஸ்' போய், ஃபில்டரில் 'ஹிஸ்டரி' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே முதலில் இருப்பது 'ரீசன்ட் பிராப்ளம்ஸ்', அது தீராததையும் சற்று முன் தீர்ந்ததையும் மட்டும் காட்டும், 9.30க்கு வருகிறவருக்கு அது காலி. ஹோஸ்ட் (கண்காணிக்கப்படும் கருவி) பட்டியலில் எஸ்என்எம்பி (ஸ்விட்ச்சிடம் நிலவரம் கேட்கும் முறை) என்ற சின்னப் பெட்டி பச்சையாக இருப்பதையும் நம்பி உட்கார வேண்டாம். கடைசியாகக் கேட்டபோது ஸ்விட்ச் பதில் சொன்னது என்பதற்கு மேல் அதில் அர்த்தம் இல்லை. சாம்பல் நிறம் என்றால் இன்னும் கேட்டே பார்க்கவில்லை.

சரி, 3.40க்கு வருவோம். இரவில் ஆளே இல்லாத ஃபினிஷிங் ஹாலில் தினமும் ஒரே நேரத்துக்கு ஐந்து ஸ்விட்ச் விழுகிறது என்றால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது கடிகாரத்தின் மேல். ஸாபிக்ஸ் நிறுவியவர் டைம் ஜோனை மாற்றாமல் யூடிசியிலேயே (உலகப் பொது நேரம்) விட்டுவிட்டால் திரையில் வரும் நேரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். 3.40உடன் ஐந்தரையைக் கூட்டுங்கள், காலை 9.10. பேக்கிங்கில் ஸ்கேனர் நிற்பது எத்தனை மணிக்கு என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள், பதில் என்னவாக இருக்கும் என்று எனக்கு இப்போதே தெரியும்.

ஊகத்தில் விட வேண்டாம், சோதிக்க 5 நிமிஷம் போதும். ஸாபிக்ஸில் சேர்த்திருக்கிற, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஒரு பழைய பிரிண்டரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி, உங்கள் கைக்கடிகார நேரத்தைக் குறித்துக்கொண்டு, பிராப்ளம்ஸ் திரையில் என்ன நேரம் விழுகிறது என்று பாருங்கள். ஐந்தரை மணி நேரம் பின்னால் விழுந்தால் முடிந்தது கதை. இடைவெளி மூன்றரை, அல்லது கோடையில் இரண்டரை என்று வந்தால் அதற்கும் காரணம் உண்டு: இந்த மென்பொருள் லாட்வியாவின் ரிகா நகரத்துக்காரர்களுடையது, டாக்கர் வழியில், அதாவது எல்லாம் சேர்த்துக் கட்டிய ஆயத்தப் பொட்டலமாக, இறக்கினால் அது ரிகா நேரத்தோடுதான் வரும், மாற்றாமல் விட்டால் அப்படியே ஓடும். உங்கள் லாகினில் யூசர் செட்டிங்ஸுக்குள் டைம் ஜோன் இருக்கும், ஏசியா/கொல்கத்தா என்று மாற்றினால் பழைய நிகழ்வுகளும் சேர்ந்து நம் நேரத்தில் தெரியும். எல்லோருக்கும் மாற்றுவது அட்மின் வேலை. ஒரு சின்ன விஷயம், வழக்கமான பிங் டெம்ப்ளேட் ('இருக்கிறாயா' என்று கருவியைக் கூப்பிட்டுப் பார்க்கும் ஆயத்த அமைப்பு) நிமிஷத்துக்கு ஒரு முறை கூப்பிட்டு, தொடர்ந்து மூன்று முறை பதில் வராவிட்டால்தான் பிரச்சினை என்று எழுதும், ஆனால் ஒரு முறை பதில் வந்துவிட்டால் உடனே தீர்ந்தது என்று எழுதிவிடும். ஆக ரிப்போர்ட்டில் 2 நிமிஷம் என்றால் உண்மையில் ஏறக்குறைய 4 நிமிஷம். மேனேஜ்டு ஸ்விட்ச் ஒன்று கரண்ட் போய் மறுபடி எழுந்து வேலைக்கு வர ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும், கவனியுங்கள்.

அடுத்து, கரண்ட் போனதா, கேபிள் அறுந்ததா என்று பிரிக்க வேண்டும். 'லேட்டஸ்ட் டேட்டா'வில் அந்த ஸ்விட்ச்சைப் போட்டு 'அப்டைம்' என்று தேடுங்கள், இரண்டு வரி வந்தால் மதிப்பு இருக்கும் வரியை எடுத்து, ஒரு வாரத்துக்கு கிராஃப் திறங்கள். ஸ்விட்ச் எத்தனை நேரமாக ஓடுகிறது என்ற கணக்கு அது. கோடு ஏறிக்கொண்டே போய் தினமும் காலை 9.10க்குத் தரையைத் தொட்டு மறுபடி ஏறினால், ரம்பப் பல் மாதிரி இருக்கும், அப்படியானால் ஸ்விட்ச்சுக்கே கரண்ட் போகிறது. கோடு விழாமல் நேராக ஏறினால் ஸ்விட்ச் உயிரோடுதான் இருந்தது, அதற்கு மேலே உள்ள அப்லிங்க்கை, அதாவது மெயின் ஸ்விட்ச்சுக்குப் போகும் இணைப்பைப் பாருங்கள்.

இந்த அப்டைமில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, உங்கள் கேஸுக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை, ஏனென்றால் இதை வைத்து நல்ல ஸ்விட்ச்சுகளைக் கழித்துக்கட்டியதை நானே பார்த்திருக்கிறேன். எஸ்என்எம்பியில் இந்தக் கணக்கு விநாடியில் நூறில் ஒரு பங்கு அளவில், 32 பிட்டில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாத்திரம் 497 நாளில் நிரம்பிவிடும். நிரம்பியதும் பழைய அம்பாசிடரின் மீட்டர் மாதிரி பூஜ்யத்துக்குத் திரும்பும். ஸ்விட்ச் ஒரு நொடிகூட நிற்கவில்லை, ஆனால் ஸாபிக்ஸ் 'ரீஸ்டார்ட் ஆகிவிட்டது' என்று எழுதும். ஒரு மில்லில் பராமரிப்புக்காக மொத்தமாக நிறுத்திவிட்டு எட்டு ஸ்விட்ச்சையும் ஒரே காலையில் ஆன் செய்திருந்தார்கள்; 497 நாள் கழித்து அடுத்தடுத்த நிமிஷங்களில் எட்டும் 'ரீஸ்டார்ட்'. வைரஸ் என்றார் ஒருவர், மின்னல் என்றார் இன்னொருவர், கடைசியில் எட்டும் புதிதாக வந்து இறங்கியது. அந்த நேரத்தில் ஒரு பிங்கூடத் தவறவில்லை என்று ஹிஸ்டரியில் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆக அப்டைம் பூஜ்யமானது மட்டும் போதாது, அதே நேரத்தில் பிங்கும் விழுந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ரீஸ்டார்ட்.

உங்களுக்கு இரண்டும் சேரும் என்று நினைக்கிறேன். ஐந்து ஸ்விட்ச்சும் ஒரே நாளில், ஒரே நிமிஷத்தில் கெட்டுப்போக அவை ஒட்டிப் பிறந்தவை இல்லையே. ஐந்துக்கும் பொதுவாக ஒரு யூபிஎஸ் இருக்கும். காலை ஷிஃப்டில் அயர்ன் டேபிள் பாய்லர்களை ஒன்றாக ஆன் செய்யும்போது வோல்டேஜ் ஒரு கணம் இறங்கும், யூபிஎஸ் பேட்டரிக்குத் தாவும், பேட்டரி செத்திருந்தால் மொத்தமும் அணையும். நம் ஊர் வெயிலில், அதுவும் பாய்லர் பக்கத்து ஹாலில், சீல்டு பேட்டரி இரண்டு மூன்று வருஷம் தாங்கினால் பெரிது. அதன் மேல் ஒட்டியிருக்கும் தேதியைப் படித்துப் பாருங்கள்.

இனி அந்த ஏஎம்சி பார்ட்டி. எல்லோரும் மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் ரிப்போர்ட் எழுதுகிறவரே சாமான் விற்கிறவராகவும் இருந்தால் ரிப்போர்ட்டைக் கொட்டேஷனாகத்தான் படிக்க வேண்டும். இரவு 3.40 என்று போட்டவர் ஒரு நாளாவது ஏன் இரவு என்று யோசித்திருந்தால் ஐந்தரை மணி நேரம் கண்ணில் பட்டிருக்கும். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் 99.9 சதவீத நேரம் ஓடியது என்று பெரிய எழுத்தில் இருக்கும், இருக்கிறதா? 30 நாள் மாதத்தில் 99.9 என்றால் 43 நிமிஷம்தான் அனுமதி. தினம் 2 நிமிஷம் என்று 25 வேலை நாளுக்கு 50 நிமிஷம் ஆகிவிட்டது, அது 99.88, அதை முழுமையாக்கி 99.9 என்று போடுவார்கள், ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் போன நிமிஷமும் நடுராத்திரியில் போன நிமிஷமும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

நிகழ்வுகளை மறைக்கும் வித்தையும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்விட்ச்சை 'மெயின்டனன்ஸ்' என்று குறித்துவிட்டால் அதன் பிரச்சினைகள் பட்டியலில் வராது, ஃபில்டரில் 'சப்ரெஸ்டு' பிரச்சினைகளையும் காட்டு என்ற கட்டத்தில் டிக் போட்டால்தான் வரும். சில பிரச்சினைகளைக் கையாலேயே மூடவும் முடியும். யார் மூடினார், எப்போது என்பது 'ஆக்‌ஷன்ஸ்' பத்தியில் கிளிக் செய்தால் தெரியும். உங்கள் லாகினுக்கு எந்த குரூப்பைக் காட்ட வேண்டும் என்பதையும் அவர்களேதான் முடிவு செய்கிறார்கள், 22 ஸ்விட்ச்சும் பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு முறை எண்ணிவிடுங்கள். அட்மின் பாஸ்வேர்டு உங்கள் முதலாளியின் பீரோவில் இருக்க வேண்டிய பொருள், 'அட்மின், ஸாபிக்ஸ்' என்ற ஆதிகால லாகினையே இன்னும் விட்டுவைத்திருந்தால் இன்றே மாற்றச் சொல்லுங்கள். அப்புறம், 'ஸாபிக்ஸ் லைசென்ஸ், இத்தனை டிவைஸுக்கு இவ்வளவு' என்று பில்லில் ஒரு வரி இருந்தால் அடித்துவிடுங்கள். 2001இல் வெளிவந்த நாளிலிருந்து அது இலவசம்தான். நிறுவிப் பார்த்துக்கொள்வதற்குக் கூலி வாங்கட்டும், தப்பில்லை. இவ்வளவு பேசும் ஒப்பந்தங்களில் 'கடிகாரம் சரியாக இருக்க வேண்டும்' என்று ஒரு வரி எழுத இந்த ஊரில் யாருக்கும் தோன்றுவதில்லை, ஸ்விட்ச்சின் நிறம், போர்ட் எண்ணிக்கை எல்லாம் எழுதுவார்கள்.

கொட்டேஷனை இப்போதைக்கு மேஜை டிராயரில் போடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாதபோது எலெக்ட்ரீஷியனைக் கூட வைத்துக்கொண்டு அந்த யூபிஎஸ்ஸின் உள்ளீட்டு எம்சிபியை இறக்குங்கள். ஐந்து ஸ்விட்ச்சின் விளக்கும் அந்த நொடியே அணைந்தால் பேட்டரியை மாற்றுங்கள், திங்கள் முதல் ஒரு வாரம் ஹிஸ்டரியையும் அப்டைம் கிராஃபையும் பாருங்கள். அந்த யூபிஎஸ்ஸில் பில்லிங் சர்வரையும் யாராவது செருகியிருப்பார்கள், எம்சிபியைத் தொடுவதற்கு முன்னால் அதை முறைப்படி ஷட்டவுன் செய்துவிடுங்கள்.