டயர் சூடானால் பத்து கிலோமீட்டர் எவ்வளவு?

பந்தயப் பாதை அளப்பது பற்றி வேலூர்ப் பக்கத்து ஓட்டக்காரர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

காட்பாடித் தம்பி: அண்ணே, பாதையை சைக்கிள்லதான் அளக்கிறாங்களாமே. வெயிலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்ட்டர் மாட்டுவோம். சக்கரம் உருள உருள எண் ஏறும். முதலில் ஸ்டீல் டேப்பால் அளந்து வைத்த 300 மீட்டர் நேர் ரோட்டில் நாலு தடவை ஓட்டி, கிலோமீட்டருக்கு எத்தனை எண் என்று கணக்கு எடுக்க வேண்டும். உதாரணத்துக்கு 11,250 என்று வையுங்கள். காலை ஆறு மணிக்கு எடுத்த கணக்கு ஒன்பது மணிக்குச் செல்லாது. ரோடு சூடேறினால் டயருக்குள் காற்றழுத்தம் கூடி, சக்கரம் ஒரு துளி பெரிதாகும், எண் குறையும். 11,240-க்கு இறங்கினாலே பத்து கிலோமீட்டரில் ஒன்பது மீட்டர் வித்தியாசம். அதனால்தான் அளந்து முடித்த கையோடு அதே 300 மீட்டரில் மறுபடி நாலு தடவை. அதைச் செய்யாதவர் அளவை நான் நம்பமாட்டேன்.

ஆரணியிலிருந்து ஒரு தங்கை: அப்போ வெயில் ஏறினா பாதை குறைஞ்சிடுமாண்ணே?

கூடும்மா. பெருத்த சக்கரம் அதே எண்ணுக்கு அதிக தூரம் போய்விடும். ஓடுபவருக்குக் கொஞ்சம் கூடுதல் பாடு, ஆனால் சாதனை செல்லும். பயப்பட வேண்டியது சாயங்கால அளவைக்கு. நாலு மணிக்குக் கொதிக்கிற தாரில் கணக்கு எடுத்துவிட்டு, கோட்டையைச் சுற்றிப் பாலாற்றுப் பாலம் வருவதற்குள் ஒரு கோடை மழை பிடித்தால் டயர் சுருங்கிவிடும், பாதை குட்டையாகும். குட்டைப் பாதையில் ஓடிய நேரம் சாதனைக்குச் சேராது. இதற்காகவே கிலோமீட்டருக்கான எண்ணை 1.001-ஆல் பெருக்கி வைப்பது: கிலோமீட்டருக்கு 1 மீட்டர், மாரத்தானுக்கு 42 மீட்டர். அதை நம்பி அலட்சியமாக அளக்கலாம் என்று அர்த்தமில்லை. முன்பின் கணக்குகளில் பெரிய எண்ணை எடுத்துக்கொண்டால் இன்னும் பத்திரம்.

ராணிப்பேட்டை நண்பர்: ஸ்டீல் டேப்பும் நீளுமா சார்?

நீளும். டேப்பின் அளவு 20 டிகிரிக்குச் சரி. 35 டிகிரியில் 300 மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் நீண்டிருக்கும், கணக்கில் சேர்த்துவிடலாம். பார்க்க வேண்டியது டேப்பின் சூட்டை, காற்றின் சூட்டை அல்ல. மே மாத மதியத்தில் தாரின்மேல் கிடக்கும் டேப்பைக் கையால் தொட முடியாது. விடியும்போதே அளந்துவிடுங்கள்.

குடியாத்தம் தம்பி: என் ஜிபிஎஸ் வாட்ச் 10.12 காட்டுச்சே?

வாட்ச் அப்படித்தான் காட்டும். நாங்கள் அளப்பது வளைவில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் விட்டுப் போகும் மிகக் குறுகிய வழியை. நீங்கள் அந்த வழியில் ஓடவில்லை.