ஓட்டை எலும்பில், நோய் மஜ்ஜையில்

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. ஆறு மாதமாக முதுகுவலி. வயதாகிவிட்டது என்று நினைத்து, கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்துவந்தோம். இப்போது 'மல்டிபிள் மைலோமா' என்கிறார்கள். ஸ்கேனில் எலும்பில் ஓட்டைகள் தெரிகின்றன. டாக்டரோ ரத்தப் புற்றுநோய் என்கிறார். எது உண்மை? எனக்கும் வருமா?

பதில்: முதலில் அந்த மாத்திரையை நிறுத்துங்கள் அம்மா, மற்றதைப் பிறகு பேசலாம். டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்றவை இந்த நோயில் சிறுநீரகத்துக்குப் பகை. அப்பா வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. டாக்டரிடம் சொன்னால் ஏற்ற மருந்து தருவார்.

டாக்டர் சொன்னதுதான் சரி. ரத்த அணுக்கள் பிறக்கும் எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்களும் இருக்கின்றன. கிருமிகளை எதிர்க்கும் விதவிதமான புரதங்களைச் சுரப்பது அவற்றின் வேலை. அவற்றில் ஒரு செல் தறிகெட்டுப் பெருகினால், அதன் வாரிசுகள் எல்லாம் உதவாத ஒரே புரதத்தைக் கொட்டித் தள்ளும். அப்பாவின் ரிப்போர்ட்டுகளில், ரத்தத்திலுள்ள புரதங்களைப் பிரித்து வளைகோடாக வரைந்து காட்டும் 'எலக்ட்ரோபோரெசிஸ்' தாளை எடுத்துப் பாருங்கள். வளைகோட்டின் கடைசிப் பகுதி தாழ்ந்த, அகன்ற மேடாக இருக்க வேண்டும். இந்த நோயில் பெரும்பாலும் அங்கே கோபுரம்போல் ஒரு கூர்முனை எழுந்து நிற்கும். அதுதான் அந்தப் புரதம்.

எலும்பு ஓயாமல் அரிக்கப்பட்டு, ஓயாமல் கட்டப்படுவது. இந்தச் செல்கள் அரிப்பவற்றைத் தூண்டிவிட்டு, கட்டுபவற்றை அடக்கிவிடுகின்றன. ஓட்டை அப்படி வந்ததுதான். கரைந்த கால்சியம் ரத்தத்தில் ஏறினால் தாகம், மலச்சிக்கல், குழப்பம் வரும். மஜ்ஜையில் இடம் பறிபோவதால் ரத்தசோகை. புரதத்தின் துண்டுகள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கும். 1840-களிலேயே ஆங்கிலேய மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் சிறுநீரில் ஆராய்ந்த புரதம் அது. சிறுநீரில் பட்டையைத் தோய்த்துப் பார்க்கும் சாதாரணச் சோதனை பெரும்பாலும் ஆல்புமின் என்ற வேறொரு புரதத்தைத்தான் காட்டும், இதைத் தவறவிட்டுவிடும். முதுகுவலியோடு ஹீமோகுளோபினும் குறைந்து வருபவரை 'வயசுக் கோளாறு' என்று திருப்பி அனுப்புவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

உங்களுக்கு வருமா? பரம்பரை நோயாக இது கருதப்படுவதில்லை. நெருங்கிய உறவினருக்கு வாய்ப்பு சற்றுக் கூடுதல். ஆனாலும் மிகச் சிறியது.

அடியோடு குணமாவது அரிது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் போர்டெசோமிப், லெனாலிடோமைடு போன்ற மருந்துகள் வந்தபின் பலர் பல ஆண்டுகள் நல்லபடியாக வாழ்கிறார்கள். எலும்புக்கு ஜோலெட்ரோனிக் அமில ஊசி போடச் சொன்னால், அதற்குமுன் பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஊசிக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

அப்பாவுக்குத் திடீரென்று கால் மரத்தாலோ, வலுவிழந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருள் கொள்ளுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.