வெளி ஃபால்ட்டுக்கு ஹை இம்பீடன்ஸ் டிஃபரன்ஷியல் ரிலே ஏன் டிரிப் ஆவதில்லை?

கேள்வி இது: தேவகோட்டை லைனில் ஃபால்ட் வந்து ஒரு சி.டி. (லைன் கரன்ட்டைச் சிறிதாக்கி ரிலேக்குத் தரும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) சாச்சுரேட் ஆனாலும், அதாவது அதன் கோர் காந்தத்தால் நிரம்பிவிட்டாலும், காரைக்குடி 110 கே.வி. பஸ்பாரின் (எல்லா லைனும் சேரும் பொதுக் கடத்தி) ரிலே எப்படி அசையாமல் நிற்கிறது?

எல்லா சி.டி.க்களையும் பேரலலாக இணைத்து, அவற்றுக்குக் குறுக்கே இந்த ரிலே இருக்கும்; பஸ்ஸுக்குள் வரும் கரன்ட்டும் வெளியேறும் கரன்ட்டும் பொருந்தாவிட்டால் டிரிப் செய்வதே அதன் வேலை. முழுதாக சாச்சுரேட் ஆன சி.டி. கரன்ட் தராது, வெறும் வைண்டிங் ரெசிஸ்டன்ஸாகிவிடும். மற்ற சி.டி.க்களின் கரன்ட், ரிலேயின் பெரிய இம்பீடன்ஸை விட்டு அந்தச் சுலபமான வழியிலேயே போய்விடும். ரிலேக்கு மிஞ்சுவது சிறு வோல்டேஜ்தான்.

அதைக் கணக்கிடலாம். சி.டி. 800/1, வெளி ஃபால்ட் 20 கே.ஏ. என்றால் செகண்டரியில் 25 ஆம்பியர். வைண்டிங் 3 ஓம், போய்வரும் வயர் 2 ஓம். 25 × 5 = 125 வோல்ட். ரிலேயை அதற்கு மேலே 150 வோல்ட்டில் செட் செய்யுங்கள். சி.டி.யின் நீ பாயின்ட் (knee point, சாச்சுரேஷன் தொடங்கும் வோல்டேஜ்) அந்த செட்டிங்கைப்போல் இரு மடங்கு, 300 வோல்ட்டாவது வேண்டும். ரிலே பிக்கப் (இயங்கத் தொடங்கும் கரன்ட்) 0.2 ஆம்பியர் என்றால், சீரீஸில் சேர்க்கும் ஸ்டெபிலைசிங் ரெசிஸ்டர் சுமார் 750 ஓம்.

பஸ்ஸிலேயே ஃபால்ட் என்றால் எல்லா சி.டி.யும் ரிலேக்குள்தான் தள்ளும். வோல்டேஜ் சட்டென ஏறி டிரிப் ஆகும். சில ஆயிரம் வோல்ட் வரை எகிறலாம் என்பதால் மெட்ரோசில் (வோல்டேஜ் எகிறாமல் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர்) இல்லாமல் பஸ்ஸை சார்ஜ் செய்யவே கூடாது.

தவறு நடப்பது பெரும்பாலும் வயரிங்கில்தான்: ஒரு சி.டி.யின் போலாரிட்டி மாறியிருக்கும், அல்லது நியூட்ரல் இரண்டு இடத்தில் எர்த் ஆகியிருக்கும். எர்த் ஒரே இடத்தில் போதும். சி.டி.க்கள் எல்லாம் ஒரே ரேஷியோ, பி.எஸ். கிளாஸ் (இதுபோன்ற பாதுகாப்புக்கான சி.டி. வகை) ஆக இருக்க வேண்டும். வேறு ரிலேயோ மீட்டரோ அந்த கோரில் சேர்க்காதீர்கள். பேரலல் இணைப்பை யார்டு மார்ஷலிங் பாக்ஸிலேயே (சி.டி. வயர்கள் சேரும் பெட்டி) முடித்தால் வயர் ரெசிஸ்டன்ஸ் குறையும், 2.5 சதுர மி.மீ. தாமிரம் 100 மீட்டருக்கே சுமார் 0.74 ஓம்.