டொர்னடோ பார்க்க ஒரு நாள் பயணம்: எங்கே நிற்பது, எப்போது விலகுவது?

கேள்வி: டல்லாஸில் வேலை பார்க்கிறேன். மே மாதத்தில் ஒரு நாள் நண்பர்களோடு காரில் ஒக்லஹோமா பக்கம் போய் டொர்னடோ எனும் சுழல்காற்றைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஆசை. எப்படித் திட்டமிடுவது?

பதில்: முதல் தடவை என்றால் சொந்தக் கார் வேண்டாம். அனுபவமுள்ள வழிகாட்டிகள் வேனில் அழைத்துப்போகும் பயணங்கள் அந்தப் பருவத்தில் உண்டு. அதில் சேருங்கள். அப்படியும் ஒரே நாளில் டொர்னடோ கண்ணில் படும் என்று யாராலும் உறுதி தர முடியாது.

ஒக்லஹோமாவின் நார்மன் நகரிலுள்ள அமெரிக்க அரசின் புயல் கணிப்பு மையம் ஆபத்தை ஐந்து நிலைகளாகப் பிரித்து தினமும் வரைபடம் வெளியிடுகிறது. காலையில் அதைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் போவது என்று வழிகாட்டிகள் முடிவு செய்வார்கள். மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்றும் மேற்கின் வறண்ட காற்றும் சந்திக்கும் எல்லைக்குச் சற்றுக் கிழக்கே போய், பெட்ரோல் நிரப்பிக்கொண்டு காத்திருப்பார்கள். பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் மேகம் எழும். சில நாள் எழவே எழாது.

எழுந்துவிட்டால், எங்கே நிற்கிறோம் என்பதில்தான் உயிரே இருக்கிறது. சூப்பர்செல் எனும் சுழலும் புயல் பெரும்பாலும் கிழக்கே, வடகிழக்கே நகரும். அதன் தென்கிழக்கில் சில கிலோமீட்டர் தள்ளி நின்றால் மேகத்தின் அடிப்பகுதி சுழல்வது தெரியும். கனமழையும் ஆலங்கட்டியும் பெரும்பாலும் அதற்கு வடக்கே கொட்டும். தெற்கே இறங்க ஒரு தார்ச்சாலையை முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். வரைபடத்தில் மைலுக்கு ஒரு சாலை இருக்கும், ஆனால் பலவும் மண் சாலைகள். மழை பெய்தால் சக்கரம் புதைந்துவிடும். மழைக்குள் புகுந்து மறுபக்கம் போய்விடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். டொர்னடோ அதற்குள்ளேயே மறைந்திருக்கலாம்.

தென்கிழக்கில் நின்றாலும் அது முழுக் காப்பு அல்ல. 2013 மே 31 அன்று ஒக்லஹோமாவின் எல் ரெனோ ஊர் அருகே எழுந்த டொர்னடோ 2.6 மைல் அகலத்துக்கு விரிந்து, வேகமெடுத்து, சட்டென்று வடகிழக்கே திரும்பியது. பல்லாண்டு அனுபவம் கொண்ட ஆய்வாளர் டிம் சமாரஸும், அவர் மகன் பாலும், சகா கார்ல் யங்கும் அதில் பலியானார்கள். அவர்களுக்கே தப்ப நேரம் கிடைக்கவில்லை என்பதால்தான், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நெருங்கவே கூடாது என்கிறேன்.

மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்காதீர்கள். அங்கே காற்று இன்னும் மோசமாக அடிக்கும். 1999 மே 3 அன்று ஒக்லஹோமாவில் டொர்னடோ வந்தபோது அப்படி ஒதுங்கியவர்களில் சிலர் இறந்தார்கள். மின்னல் வெட்டும்போது படம் எடுக்கக் காரைவிட்டு இறங்காதீர்கள்.

இருட்டுவதற்குள் புயலைவிட்டு விலகிவிடுங்கள். டல்லாஸ் திரும்பும் வழியில் வேறு புயல் குறுக்கே நின்றால், பக்கத்து ஊரில் அறை எடுத்துத் தங்கி மறுநாள் கிளம்பலாம்.