தண்டல் வாங்கி லைனர் மாற்றலாமா?

மாதவரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சொந்தமாக ஒரு பத்து சக்கர லாரி, பெங்களூர் லோடு. வண்டி நீலப் புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது. இன்ஜினைப் பிரித்து லைனர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள் உறை), பிஸ்டன், ரிங் மாற்ற மெக்கானிக் 1.8 லட்சம் கேட்கிறார். லட்சம் லட்சமாக இரண்டு தண்டல், அதாவது தினசரி வசூல் கடன், வாங்கலாமா என்பது கேள்வி. ஸ்மால்கேப் எஸ்ஐபியில் (சிறு நிறுவனப் பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்டின் மாதத் தவணையில்) மாதம் 8,000 வீதம் இரண்டரை வருஷமாகப் போட்ட பணம் இருக்கிறதாம், ஆனால் "அதைத் தொடாதீங்க மாமா, கூட்டுவட்டி போயிடும்" என்று அக்கா மகன் தடுக்கிறாராம்.

மருமகன் சொல்லும் கூட்டுவட்டி இருக்கட்டும், தண்டல் வட்டியைப் பாருங்கள் சார். ஒரு லட்சம் தண்டலில் வட்டியைப் பிடித்துக்கொண்டு கைக்கு வருவது 85,000, தினம் ஆயிரம் வீதம் நூறு நாள் கட்டுகிறீர்கள். அசல் தினமும் கரைவதால் சராசரியாக உங்களிடம் நிற்பது 42,000, 43,000தான், அதற்கு நூறு நாளில் 15,000 வட்டி. வருஷக் கணக்கில் 125 சதவீதத்தைத் தாண்டும். எந்த ஸ்மால்கேப் இதைத் தரும்?

ஃபண்டில் பழைய யூனிட்டுகளை விற்றுவிடுங்கள். ஒரு வருஷம் தாண்டியவற்றின் லாபம் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரியில்லை. ஒரு வருஷம் ஆகாத புது யூனிட்டுகளையும் தொட வேண்டி வந்தால் பெரும்பாலும் வெளியேறும் கட்டணமாக ஒரு சதவீதம் வரை பிடிப்பார்கள், போகட்டும்.

ஆனால் இந்த நிலைக்கு வந்ததே, "டைட்டா இருந்ததால் இரண்டு தடவை ஆயில் மாற்றவில்லை, டாப்-அப் மட்டும்" என்று கடிதத்தின் கடைசியில் நழுவவிட்டிருக்கிறீர்களே, அதனால்தான். ஆயில், ஃபில்டர் எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு 9,000 என்று வைத்தாலும் மிச்சம் 18,000. அந்த மாதங்களிலும் எஸ்ஐபி மட்டும் தவறாமல் போயிருக்கிறது! இனி அந்த 8,000 வேண்டாம், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் வண்டிக்கென்று தனி சேமிப்புக் கணக்கில் போடுங்கள். மாதம் எட்டு தடவை பெங்களூர் போய் வந்தால் சுமார் 5,600 கிலோமீட்டர், 11,000 சேரும்.

அப்புறம், இன்ஜினைப் பிரிக்கும் முன் ஏர் ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். மண் ஒட்டினால் கிளிப் லூஸ், இல்லை குழாயில் வெடிப்பு. அதைச் சரிசெய்யாமல் புது லைனர் போட்டால் அதையும் புழுதி தின்றுவிடும், அடுத்த வருஷம் இதே கடிதம் எழுதுவீர்கள்.