செத்தவர் பேரிலும் கருத்து வந்தது: இணையம், பணம், அரசியல் - கேள்வி பதில்

நெட் நியூட்ராலிட்டி, லாபி (கம்பெனிகள் காசு கொடுத்து ஆள் வைத்து அரசிடம் தங்களுக்காகப் பேச வைப்பது), தேர்தல் நிதி என்று கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். இணையக் கொள்கை விவகாரங்களைப் பத்து வருடமாகத் துரத்திக்கொண்டிருப்பவன் என்பதுதான் என் தகுதி, வேறொன்றுமில்லை.

கே (கரூர்): அண்ணா, நெட் நியூட்ராலிட்டின்னா என்னன்னு ரெண்டு வரியில சொல்லுங்க.

டேட்டாவுக்கு நீங்கள் காசு கட்டிய பிறகு, அதில் எந்தத் தளத்தைப் பார்க்கிறீர்கள் என்பதில் டெலிகாம் கம்பெனி மூக்கை நுழைக்கக் கூடாது. ஒன்றை வேகமாகவும் இன்னொன்றை நத்தை வேகத்திலும் விடக் கூடாது. ஒன்றை இலவசமாகக் கொடுத்து மற்றதற்கு மட்டும் மீட்டர் போடுவதும் அதே கதைதான்.

கே (தேனி): எங்க ஊரில் தேர்தலுக்கு முந்தின ராத்திரி கவர் வரும் சார். அமெரிக்காவில் எப்படி?

அங்கே கவர் வாக்காளர் வீட்டுக்கு வராது, வேட்பாளரின் பிரச்சார நிதிக்குப் போகும். அதுவும் செக்காக, கணக்கோடு. அந்த செக் எப்படிப் பேசும் என்பதற்கு ஒரு உதாரணம்.

2011-இல் திருட்டுப் படங்களைத் தடுக்கிறோம் என்று சோபா, பிபா என்று இரண்டு மசோதாக்கள் வந்தன. புகாருக்கு உள்ளான வெளிநாட்டுத் தளங்களை முடக்கவைக்க வழி செய்பவை. ஹாலிவுட் முழுமூச்சாகப் பின்னால் நின்றது. 2012 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிபீடியா ஒருநாள் முழுக்கக் கடையைச் சாத்தியது. இரண்டே நாளில் செனட் வாக்கெடுப்பு தள்ளிப்போனது. அப்போது ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் சங்கத் தலைவராக இருந்தவர் கிறிஸ் டாட். முப்பது வருடம் செனட்டராக இருந்துவிட்டு அங்கே போனவர். டிவியில் உட்கார்ந்து, 'உங்கள் வேலைக்கு ஆபத்து என்றால் என்னிடம் செக் கேட்கிறீர்கள், என் வேலைக்கு ஆபத்து என்றால் கண்டுகொள்ளாமல் இருக்காதீர்கள்' என்ற பொருளில் பேசினார். நம் ஊர்க்காரர்கள்கூட இதை மைக் முன்னால் சொல்ல மாட்டார்கள்!

கே (சென்னை): அரசியல்வாதிக்கு நிதி கொடுப்பது பழைய விஷயம். புதிதாக என்ன?

இதற்காகத்தான் காத்திருந்தேன். புதிது என்னவென்றால், அரசியல்வாதியை வாங்குவதோடு நிற்காமல் 'பொதுமக்கள் கருத்து' என்பதையே மொத்த விலைக்கு வாங்குவது.

2017-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, நெட் நியூட்ராலிட்டி விதிகளை நீக்கப்போவதாகச் சொல்லி மக்களிடம் கருத்து கேட்டது. 2.2 கோடிக்கு மேல் வந்தன. 'ஒபாமா நிர்வாகம் விதித்த, முன்னெப்போதும் இல்லாத கட்டுப்பாடு' என்று ஆரம்பிக்கும் ஒரே பத்தி, கமா மாறாமல், லட்சக்கணக்கான பெயர்களில் வந்திருந்தது. செத்துப்போனவர்கள் பெயரிலும் கருத்துகள் இருந்தன.

நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் விசாரித்து 2021 மே மாதம் அறிக்கை விட்டது. கிட்டத்தட்ட 1.8 கோடி கருத்துகள் போலி. அதில் 85 லட்சத்துக்கு மேற்பட்டவை பிராட்பேண்ட் கம்பெனிகள் பணம் செலவழித்து நடத்திய பிரச்சாரத்திலிருந்து வந்தவை. ஆள் சேர்க்கும் ஏஜென்சிகளுக்குப் பணம் போயிருக்கிறது. குழந்தைகள் படத்துக்குத் தள்ளுபடி என்பது மாதிரி ஆசை காட்டி ஆதரவு வாங்கித் தருவதாகத்தான் பேச்சு. அந்தச் சிரமம்கூட எதற்கு என்று, கையில் இருந்த பழைய பட்டியல்களிலிருந்து பெயர், முகவரியை எடுத்துப் போட்டுவிட்டார்கள். நம் ஊரில் ஆளைக் கூப்பிட்டு பிரியாணி வாங்கிக் கொடுத்தாவது லாரியில் ஏற்றுவார்கள். இங்கே ஆளே வேண்டாம்!

எதிர்த்தரப்பும் சுத்தமில்லை. நெட் நியூட்ராலிட்டிக்கு ஆதரவாக 77 லட்சம் போலிக் கருத்துகளை அனுப்பியவர் 19 வயதுக் கல்லூரி மாணவர், தனி ஆள். பெயர்களை மென்பொருளே இட்டுக்கட்டியது.

சரி, தண்டனை? மூன்று ஏஜென்சிகள் சேர்ந்து 44 லட்சம் டாலர் கட்டின. மோசடி நேரடியாகத் தெரிந்திருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று பிராட்பேண்ட் கம்பெனிகள் தப்பின. விதிகள் 2017 டிசம்பரிலேயே 3-2 என்ற வாக்கில் போய்விட்டன.

கே (பெங்களூரு): 2015-இல் நீங்களும் டிராய்க்கு (நம் நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) ரெடிமேட் மெயில்தானே அனுப்பினீர்கள்? ஃபேஸ்புக் செய்தால் மட்டும் தப்பா?

நியாயமான குத்து. ஆமாம், நானும் அனுப்பினேன். நெட் நியூட்ராலிட்டி பற்றிக் கருத்து கேட்டு டிராய் வெளியிட்ட 118 பக்க ஆவணத்தில் 20 கேள்விகள். தன்னார்வலர்கள் அவற்றுக்குப் பதில் எழுதித் தந்தார்கள். நான் இரண்டு பதிலை மாற்றிவிட்டு, மீதியை அப்படியே என் மெயிலிலிருந்து அனுப்பினேன். இப்படிப் பத்து லட்சத்துக்கு மேல் போனது.

அந்த டிசம்பரில் ஃபேஸ்புக் செய்தது வேறு மாதிரி. ஃப்ரீ பேசிக்ஸ் என்ற பெயரில், தான் அனுமதித்த தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் திட்டம். பத்திரிகையில் பக்கம் பக்கமாக விளம்பரம், ரோட்டில் பேனர். ஃபேஸ்புக்கைத் திறந்தால், உங்கள் நண்பர் டிராய்க்கு எழுதிவிட்டார், நீங்களும் எழுதுங்கள் என்று ஒரு பொத்தான். டிராய் கேட்டிருந்தது வெவ்வேறு கட்டணம் சரியா என்பது பற்றிய நான்கு கேள்விகள். பொத்தான் அனுப்பியதோ 'ஃப்ரீ பேசிக்ஸை ஆதரிக்கிறேன்' என்ற கடிதம். வழக்கில் கட்சிக்காரரே தபால்காரராகவும் இருந்தால் எப்படி? ஆலோசனையை, ஏற்பாடு செய்யப்பட்ட தலை எண்ணும் வாக்கெடுப்பாக மாற்றுகிறீர்கள் என்று டிராயே காட்டமாக எழுதியது. 2016 பிப்ரவரி 8 அன்று தளத்துக்குத் தளம் கட்டண பேதம் கூடாது என்று தடை போட்டது. மூன்று நாளில் ஃபேஸ்புக் மூட்டை கட்டியது.

கே (திருநெல்வேலி): ஆணையத்தில் கம்பெனி ஆட்களே உட்கார்கிறார்களாமே?

2017-இல் எஃப்சிசி தலைவராக இருந்து விதிகளை நீக்கிய அஜித் பை முன்பு வெரிசான் என்ற டெலிகாம் கம்பெனியில் வக்கீல். ஆனால் 2015-இல் அந்த விதிகளைக் கொண்டுவந்த டாம் வீலர் கேபிள் கம்பெனிகளின் சங்கத்துக்கே தலைவராக இருந்தவர். ஆகவே ஜாதகம் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

கே (கோவை): நம் நாட்டில் கம்பெனிப் பணம் எவ்வளவு போகிறது என்று பார்க்க முடியுமா?

லாபிக்கு இங்கே சட்டமே கிடையாது. அமெரிக்காவில் யாருக்காக, எவ்வளவு வாங்கிக்கொண்டு பேசினேன் என்று காலாண்டுக்கு ஒருமுறை பதிய வேண்டும். நாம் 2018-இல் நேர்மாறாகப் போனோம். தேர்தல் பத்திரத்தை ஸ்டேட் பாங்கில் வாங்கிக் கட்சிக்குக் கொடுத்தால் வெளியே பெயர் வராது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்த பிறகுதான் பட்டியல் வந்தது. முதலிடம் உங்கள் கோவை லாட்டரிக் கம்பெனிக்கு, 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி திமுகவுக்கு வந்தது என்று அந்தக் கட்சியே கணக்கு காட்டியது. பட்டியலில் பார்தி ஏர்டெல் பெயரும் உண்டு. கொடுத்ததற்குக் கைமாறு நடந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் டெலிகாம் கொள்கை எழுதப்பட்ட ஆறு வருடமும், கேட்பதற்குக்கூட நம்மிடம் விவரம் இல்லை.

கே (ஓசூர்): இப்போது டேட்டா மலிவு. இந்தச் சண்டை முடிந்துவிட்டதல்லவா?

இல்லை. நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் மாதிரி தளங்கள் தங்களுக்குப் பங்கு கட்ட வேண்டும் என்று டெலிகாம் கம்பெனிகளின் சங்கம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. தென் கொரியாவில் நெட்வொர்க் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று ட்விட்ச் என்ற நேரலை வீடியோ தளம் 2024 பிப்ரவரியில் கடையைக் கட்டியது.

கே (விழுப்புரம்): நான் ஒருத்தி டிராய்க்கு எழுதி என்ன ஆகும் அண்ணா?

எழுதும்மா. ஆலோசனை ஆவணம் டிராய் தளத்தில் இருக்கும், பொதுவாக நான்கு வாரம் தருவார்கள். மற்றவர்கள் எழுதியதையும் அங்கேயே போடுவார்கள், கம்பெனிகளின் பதிலைத் திறந்து படி. அவர்கள் எந்தக் கேள்வியில் பத்துப் பக்கம் எழுதியிருக்கிறார்களோ, அதற்கு மட்டும் உன் மறுப்பை எழுது. மறுப்புக்கென்று தனியாக அவகாசம் உண்டு. முதல் வரியிலேயே கேள்வி எண்ணைப் போட்டுவிடு.