புல் ரிங்: இடித்துக் கட்டிய வணிக வளாகம் (வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் படிக்கும் என் மகளைப் பார்க்கச் சென்றபோது ‘புல் ரிங்’ வணிக வளாகத்துக்குப் போயிருந்தேன். 1960-களில் கட்டிய ஒரு பெரிய வளாகத்தை இடித்துவிட்டு, அதே இடத்தில்தான் இதைக் கட்டினார்களாம். நாற்பது ஆண்டுகூட ஆகாத கட்டடத்தை ஏன் இடித்தார்கள்?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நடந்து வருகிறவர்களுக்கு அந்த வளாகம் சரியான வழி விடவில்லை என்பதே முதன்மையான காரணம். இதைப் புரிந்துகொள்ள அந்த இடத்தின் பழைய கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பீட்டர் டி பர்மிங்காம் என்ற நிலப்பிரபு 1166-இல் இரண்டாம் ஹென்றி மன்னரிடமிருந்து சந்தை நடத்தும் உரிமையைப் பெற்றார். பர்மிங்காம் ஒரு நகரமாக வளர்ந்ததே அந்தச் சந்தையைச் சுற்றித்தான். மேட்டிலுள்ள கடைவீதியிலிருந்து செயின்ட் மார்ட்டின் தேவாலயம் வரை சரிந்து இறங்கும் அந்த நிலத்தில் மக்கள் பல நூற்றாண்டுகளாகக் காய்கறியும் மீனும் துணியும் வாங்கினார்கள். 1835-இல் கட்டப்பட்ட சந்தை மண்டபம் 1940-இல் ஜெர்மானியரின் குண்டுவீச்சில் கூரையை இழந்தபோதும் வியாபாரிகள் இடத்தை விட்டுப் போகவில்லை. திறந்த வானத்தின் கீழ், நின்றுகொண்டிருந்த சுவர்களுக்கு நடுவே கடை போட்டார்கள். 1960-களில் அந்த மண்டபம் இடிக்கப்படும் வரை வியாபாரம் நடந்துகொண்டுதான் இருந்தது.

போருக்குப் பிறகு, நகரின் பொறியாளராக இருந்த ஹெர்பர்ட் மன்சோனியின் திட்டப்படி நகர மையத்தைச் சுற்றி உள்வட்டச் சாலை போடப்பட்டது. கார்கள் தடையில்லாமல் ஓட வேண்டும், மனிதர்கள் தரைக்கடியிலுள்ள சுரங்கப்பாதைகளில் நடக்க வேண்டும் என்பதே அக்காலத் திட்டமிடுதலின் நம்பிக்கை. 1964-இல் சுமார் 80 லட்சம் பவுண்டு செலவில் திறக்கப்பட்ட பழைய புல் ரிங் வளாகம், பிரிட்டனில் நகர மையத்தில் கூரைக்குக் கீழே அமைந்த முதல் பெரிய வளாகங்களுள் ஒன்று. அதை இந்தச் சாலைகளின் பிடிக்குள்ளேயே கட்டினார்கள். எதிர்ப்புறத்தில் கண்ணுக்குத் தெரிகிற கடைக்குப் போவதற்கு ஒரு பெண்மணி குழந்தை வண்டியோடு சரிவில் இறங்கி, இருண்ட சுரங்கப்பாதையைக் கடந்து, மறுபடியும் மேலே ஏறி வர வேண்டியிருந்தது. குளிர்காலத்தில், அதுவும் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊரில், அந்த வழியில் தனியாகப் போக எத்தனை பேர் துணிவார்கள்? வாடகை அதிகம், வருகிறவர்கள் குறைவு என்ற நிலையில் உள்ளே கடைகள் காலியாகத் தொடங்கின. திறப்பு விழாவின்போது எதிர்காலத்தின் அடையாளமாகப் போற்றப்பட்ட கட்டடத்தை நகரவாசிகளே வெறுக்கும் நிலை சில ஆண்டுகளிலேயே வந்துவிட்டது.

1980-களின் பிற்பகுதியில், பழையதை இடித்துவிட்டு அதைவிடப் பெரிய ஒரே கட்டடமாக எழுப்பும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. ‘பர்மிங்காம் ஃபார் பீப்பிள்’ என்ற குடிமக்கள் குழு அதைக் கடுமையாக எதிர்த்தது. வேண்டியது இன்னொரு மூடிய பெட்டி அல்ல, தெருக்கள்தான் என்று அவர்கள் வாதிட்டார்கள். நகர மையத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச 1988-இல் நடந்த ஹைபரி கூட்டமும், நகர மையத்தை நெரித்துக்கொண்டிருந்த உள்வட்டச் சாலையை உடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பொருளாதார மந்தத்தால் திட்டம் தள்ளிப்போனது நல்லதாகவே முடிந்தது என்பது என் கருத்து; அந்த இடைவெளியில்தான் திட்டமிட்டவர்களின் எண்ணம் மாறியது. 2003 செப்டம்பர் 4 அன்று திறக்கப்பட்ட இன்றைய வளாகம் இரண்டு பெரும் பகுதிகளாகப் பிரிந்து நிற்கிறது. நடுவே திறந்த நடைபாதை ஒன்று மேட்டிலிருந்து தேவாலயத்தை நோக்கி இறங்குகிறது. குறுக்கே நின்ற சாலை நடப்பவர்களின் காலுக்குக் கீழே போய்விட்டது. நீங்கள் அடுத்த முறை போகும்போது நியூ ஸ்ட்ரீட்டிலிருந்து அந்தப் பாதை வழியாகவே இறங்கிப் பாருங்கள். சரிவின் அடியில் தேவாலயக் கோபுரம் முழுமையாகத் தெரியும்.

கேள்வி: வெள்ளி வட்டுகள் பதித்த அந்த வளைந்த கட்டடம் வெறும் அலங்காரத்துக்காகக் கட்டப்பட்டதா?
- வாசகர், மதுரை

பதில்: அது செல்ஃப்ரிட்ஜஸ் பல்பொருள் அங்காடி. ஃபியூச்சர் சிஸ்டம்ஸ் என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்த அதன் நீல நிறச் சுவரில் சுமார் 15,000 அலுமினிய வட்டுகள் பொருத்தப்பட்டுள்ளன. அழகுக்கு அப்பால் அதற்கு ஒரு வணிக வேலையும் இருக்கிறது. இத்தகைய வளாகங்களில் மக்களை இழுக்கும் பெரிய கடைகளை எதிரெதிர் முனைகளில் வைப்பது வழக்கம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடக்கிறவர்கள் இடையிலுள்ள சிறு கடைகளையும் பார்த்துக்கொண்டே போவார்கள். அதனால்தான் பெரிய கடைக்குச் சதுர அடி வாடகையைக் குறைத்துக் கொடுத்து, சிறு கடைகளிடம் கூடுதலாக வாங்குகிறார்கள். புல் ரிங்கில் ஒரு முனை செல்ஃப்ரிட்ஜஸுக்கும் மறுமுனை டெபன்ஹம்ஸுக்கும் போனது. டெபன்ஹம்ஸ் நிறுவனம் நொடித்துப்போய் 2021-இல் கடையை மூடியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் அங்கே வந்தது. இப்படி ஒரு முனை இருண்டால் நடுவிலுள்ள சிறு கடைக்காரர்தான் முதலில் அடிபடுகிறார். பெரிய வளாகத்தில் கடை எடுக்க நினைக்கும் எவரும், இரு முனைகளிலும் யார் இருக்கிறார்கள், அவர்களுடைய குத்தகை எத்தனை ஆண்டுகளுக்கு என்று விசாரித்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

கேள்வி: எண்ணூறு ஆண்டு பழமையான சந்தை என்கிறீர்கள். அந்தச் சந்தை வியாபாரிகள் என்ன ஆனார்கள்?
- வாசகர், திருச்சி

பதில்: என்னைப் பொறுத்தவரை புல் ரிங் விஷயத்தில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான். 1964-இல் சந்தைக் கடைகளைச் சாலைகளுக்கு நடுவே தாழ்வான இடத்தில் வைத்தார்கள். புதிய திட்டத்தில் அவை தேவாலயத்துக்கு அப்பாலுள்ள எட்ஜ்பாஸ்டன் தெருப் பக்கம் மாற்றப்பட்டன. இறைச்சிக்கும் மீனுக்குமான உள்ளரங்கச் சந்தை, துணிகளுக்குப் பெயர்போன ராக் மார்க்கெட், காய்கனிகளுக்கான திறந்தவெளிச் சந்தை ஆகிய மூன்றும் இப்போது அங்கேதான் இயங்குகின்றன. வளாகத்திலுள்ள ஆடைக் கடைக்கும் இந்தச் சந்தைக்கும் நடந்தால் சில நிமிடங்கள்தான் ஆகும். ஆனால் இங்கே வருகிறவர் ஒரு கிண்ணம் தக்காளிக்குச் சில்லறையை எண்ணிக் கொடுக்கிறவர். சந்தையை முற்றிலும் ஒழிக்காமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டதற்காக நகராட்சியைப் பாராட்டலாம். அதேசமயம், இரண்டு முறையும் இடம் மாறச் சொல்லப்பட்டவர்கள் சந்தை வியாபாரிகள்தான் என்பதை மறக்கக் கூடாது. திட்ட வரைபடத்தில் அவர்களுடைய இடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காலியாக விட்டால், வாடிக்கையாளர் பழகிய வழி துண்டிக்கப்பட்டு, ஒரே ஆண்டில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு போய்விடும். அருகிலிருந்த மொத்தச் சந்தை 2018-இல் நகர மையத்துக்கு வெளியே விட்டன் பகுதிக்கு இடம்பெயர்ந்தது; அது விட்டுப்போன ஸ்மித்ஃபீல்ட் நிலத்தில் இன்னொரு பெரும் கட்டுமானம் திட்டமிடப்பட்டுள்ளது. அதில் சில்லறைச் சந்தைகளுக்கும் புது இடம் ஒதுக்கப்படும் என்கிறார்கள். கட்டி முடிக்கும் வரை அந்த வியாபாரிகள் எங்கே கடை போடுவார்கள், புதிய இடத்தின் வாடகை அவர்களால் கட்டக்கூடியதாக இருக்குமா என்ற இரண்டுக்கும் வேலை தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் பதில் கிடைக்க வேண்டும்.